அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று: கதவுக் கீலில் தொடங்கி டிஸ்சார்ஜ் பில் வரை

அம்மாவின் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து ஆபரேஷன் தேதி வரை பதினான்கு மாதம் ஓடின. அதில் பத்து மாதம் வீண். தப்பாக எடுத்த எக்ஸ்ரேயில் ஐந்து, தப்பான நேரத்தில் போட்ட ஊசியில் மூன்று, யாரும் கவனிக்காத சர்க்கரையில் இரண்டு. கடைசியில் இன்சூரன்ஸ் படிவத்தில் ஒரு வரியால் இன்னும் பன்னிரண்டு நாள். நான் டாக்டர் இல்லை, கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்த மகன். எல்லாம் மதுரையில் நடந்தது. கீழே வரும் தொகைகள் எங்கள் பில்லில் இருந்தவை. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

1. வலிப்பது எந்த மூட்டு என்று முதலில் பாருங்கள்

"காலு வலிக்குதுப்பா" என்றுதான் அம்மா சொன்னார். எங்கே என்று கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அங்கே வலித்தால் முழங்கால்தான் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. இடுப்பு மூட்டு தேய்ந்தாலும் வலி முழங்காலில் தெரியலாம். முதுகில் நரம்பு அழுந்தினாலும் வலி காலில் இறங்கும். எந்த மூட்டு எப்படி அசையும் என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் டாக்டரிடம் சரியான தகவலோடு போகலாம்.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மண்டையோட்டு எலும்புகள் சேரும் இடம் அசையா மூட்டு. முதுகெலும்பின் வட்டுகள் இருக்கும் இடம் சற்றே அசையும். கை கால்களில் இருப்பவை பெரும்பாலும் நன்றாக அசையும் மூட்டுகள். அவற்றுக்குள் எண்ணெய் மாதிரி உயவுத் திரவம் இருக்கும்.

நன்றாக அசைபவற்றிலும் வகை உண்டு. இடுப்பும் தோளும் பந்துக் கிண்ண மூட்டு. ஆட்டுக்கல் குழியில் குழவி சுற்றுவது போல எல்லாப் பக்கமும் திரும்பும். முழங்கை கீல் மூட்டு, கதவு போல மடங்கும், நீளும். கழுத்தில் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருப்பது முளை மூட்டு. "இல்லை" என்று தலையை ஆட்டுவது பெரும்பாலும் அங்கேதான். "ஆமாம்" என்று ஆட்டுவது அதற்கு மேலே, மண்டையோடும் முதல் எலும்பும் சேரும் இடத்தில். (நம் ஊரில் இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆட்டு ஆட்டுகிறோமே, அதற்குக் கழுத்து மொத்தமும் வேண்டும்.) கட்டைவிரலின் அடியில் சேண மூட்டு. மணிக்கட்டின் சின்ன எலும்புகளுக்குள் வழுக்கு மூட்டுகள்.

இனி வீட்டுச் சோதனை. அம்மாவை மல்லாந்து படுக்கச் சொல்லி, வலிக்கும் காலை இடுப்பிலும் முழங்காலிலும் மடக்கி, பாதத்தைப் பிடித்து மெதுவாக உள்ளேயும் வெளியேயும் திருப்புங்கள். அப்போது திரும்புவது பந்து மூட்டு, அதாவது இடுப்பு. இதில் தொடை இடுக்கில் சுளீர் என்று வலித்தால் டாக்டரிடம் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கால் நகம் வெட்டக் குனிய முடியவில்லை, செருப்பு வார் மாட்ட முடியவில்லை என்பதும் இடுப்பைக் காட்டும் அடையாளம். பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை மரத்துப்போய் வலித்தால் முதுகைப் பார்க்க வேண்டும். படி இறங்கும்போதும், கீழே உட்கார்ந்து எழும்போதும் முழங்காலிலேயே வலித்து, தொட்டால் கரகரவென்று உணர்ந்தால் அநேகமாக முழங்கால்தான். வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். வலித்த இடத்தில் நிறுத்திவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

2. முழங்கால் வெறும் கீல் இல்லை

கீல் மூட்டுக்கு உதாரணமாகப் பாடப்புத்தகம் முழங்காலையும் சொல்லும். பாதிதான் உண்மை. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு, தொடையை அசைக்காமல் பாதத்தை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள், திரும்பும். இப்போது காலை நேராக நீட்டி அதையே செய்யுங்கள். திரும்பாது, திரும்பினால் இடுப்புதான் திரும்பும். முழங்கால் முழுக்க நீளும் கடைசிச் சில டிகிரியில் கீழ்க்கால் எலும்பு லேசாக வெளிப்பக்கம் திரும்பி, தாழ்ப்பாள் போட்டது போல் பூட்டிக்கொள்கிறது. நாம் கால் தளராமல் நிற்க முடிவதில் இந்தப் பூட்டுக்குப் பங்கு உண்டு. போதாததற்கு முன்பக்கம் முழங்கால் சில்லு மேலும் கீழும் வழுக்குகிறது.

இது ஏன் முக்கியம் என்றால், இனி நீங்கள் சந்திக்கப்போகும் எல்லாரும் டிகிரியில்தான் பேசுவார்கள். நடக்க முழங்கால் சுமார் 60 டிகிரி மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து வசதியாக எழ 90க்கு மேல் வேண்டும். சம்மணம் போடவும், இந்திய முறைக் கழிப்பறையில் குந்தவும் 120க்கு மேல் வேண்டும். மூட்டு மாற்றுக்குப் பிறகு பலருக்கும் 110 முதல் 120 வரை கிடைக்கிறது. ஆக, "ஆபரேஷன் செஞ்சா கோயில்ல சம்மணம் போட்டு உக்காரலாமா?" என்ற கேள்விக்குப் பதில் இந்த எண்களில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே அம்மாவிடம் இதைப் பேசிவிடுங்கள். நான் பேசவில்லை. பிறகு எனக்குக் கிடைத்த வசவை இங்கே எழுதவில்லை.

3. எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா?

எங்கள் ஐந்து மாதம் போனது இங்கேதான். முதல் இடத்தில் அம்மாவைப் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி நன்றாகவே இருந்தது. "லேசான தேய்மானம்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஐந்து மாதம் கழித்து வேறொரு ஆர்த்தோ டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "படுத்துக்கிட்டா நடக்கிறாங்க?" என்று கேட்டார். நின்றபடி மறுபடி எடுத்ததில் உள்பக்க இடைவெளி சுத்தமாக இல்லை. எலும்பும் எலும்பும் ஒட்டியிருந்தன. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது, தெரிவது அது இருந்த இடைவெளிதான். உடல் எடை ஏறும்போதுதான் அந்த இடைவெளியின் உண்மை நிலை வெளிப்படும்.

அதனால் டெக்னீஷியனிடம் நீங்களே சொல்லுங்கள்: இரண்டு முழங்காலும் சேர்ந்து, நின்றபடி, முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. சில்லைப் பார்க்கத் தனிக் கோணம் வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். எங்களுக்கு 900 ரூபாய் ஆனது. முற்றிய தேய்மானத்துக்குப் பொதுவாக எம்.ஆர்.ஐ. தேவையில்லை. எழுதிக் கொடுத்தால் எதற்கு என்று கேட்பதில் தவறில்லை.

4. "ஜவ்வு" என்றால் எந்த ஜவ்வு?

தமிழில் நம்மைக் குழப்பும் சொல் இது. "ஜவ்வு தேஞ்சிருச்சு" என்றால் பெரும்பாலும் எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. "ஜவ்வு கிழிஞ்சிருச்சு" என்றால் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸாக இருக்கலாம், அல்லது எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் லிகமென்டாக இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. பக்கத்து வீட்டுப் பையன் கபடியில் ஜவ்வு கிழிந்து சின்னத் துளை ஆபரேஷனில் சரியானான் என்பதால் அம்மாவுக்கும் அது போதும் என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் விவாதம் நடந்தது. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இவ்வளவுதான்: "எந்த ஜவ்வு, எவ்வளவு மீதி இருக்கு?"

தேய்மானம் என்றாலே ஆபரேஷன் என்றும் இல்லை. எடைக் குறைப்பு, தொடைத் தசைப் பயிற்சி, வலி மாத்திரை எல்லாம் பார்த்த பிறகும் இரவில் தூங்க முடியாத வலி, அரை ஃபர்லாங் நடக்க முடியாத நிலை என்றால்தான் பேச்சு அங்கே போகும்.

ஒரு பொறி. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் பொதுவாகச் சுமார் மூன்று மாதத்துக்கு அதே மூட்டில் மாற்று ஆபரேஷன் செய்ய மாட்டார்கள், கிருமித் தொற்று அபாயம் கூடும் என்பதால். அம்மாவுக்கு "கல்யாணம் வருது, அதுவரைக்கும் தாங்கட்டும்" என்று ஊசி போட்டோம். அடுத்த வாரம் ஆபரேஷன் முடிவானது, உடனே மூன்று மாதம் தள்ளிப்போனது. ஊசிக்கு முன் அடுத்த ஆறு மாதத் திட்டத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

5. பணம் எந்த வழியில் வரும்?

மூன்று வழி.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பாருங்கள். மூட்டு மாற்று அங்கே செய்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அட்டை வாங்கலாம். காப்பீடு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் பெயர் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். தனியார் மருத்துவமனை என்றால், பட்டியலில் அந்த மருத்துவமனை இருப்பது மட்டும் போதாது. இந்த ஆபரேஷனுக்கு அங்கே அனுமதி உண்டா என்று அங்குள்ள திட்டக் கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தனிப்பட்ட இன்சூரன்ஸ். இதில் காத்திருப்புக் காலம்தான் விஷயம். பெரும்பாலான பாலிசிகளில் மூட்டு மாற்றுக்கு இரண்டு, மூன்று ஆண்டுக் காத்திருப்பு போட்டிருப்பார்கள். 2024இல் வந்த விதிப்படி இது 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாவது, எங்களைப் போல் வேலை செய்யும் கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ். பெரும்பாலும் காத்திருப்பு இருக்காது, ஆனால் பெற்றோருக்கு நம் பங்குத் தொகை இருக்கலாம். எங்களுக்கு 20 சதவீதம்.

உள்ளே வைக்கும் மூட்டின் விலைக்கு அரசு உச்சவரம்பு இருக்கிறது. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் போன்ற சிறப்பு உலோகத்துக்கு 76,600 ரூபாய் என்று நிர்ணயித்தது. ஜி.எஸ்.டி. தனி. நடப்பு உச்ச விலையைப் பார்த்து வைத்துக்கொண்டு எஸ்டிமேட்டில் அந்த வரியைச் சரிபாருங்கள். மூட்டின் பெயரும் வகையும் எஸ்டிமேட்டில் எழுத்தில் இருக்கட்டும். "இம்போர்ட்டட் போடுறோம்" என்று வாயால் சொன்னால் போதாது.

இனி அறை வாடகை. எங்கள் காப்பீடு 3 லட்சம், அறைக்கு ஒரு நாளைக்கு அதில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். நாங்கள் எடுத்தது 4,500 ரூபாய் அறை. கூடுதல் 1,500ஐ நாம் கட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினார்கள். மூட்டு, மருந்து, பரிசோதனைகளுக்கு மட்டும் இந்த வெட்டு கிடையாது.

எங்கள் பில் 1,98,000. இதில் மூட்டு 58,000, அறை நான்கு நாள் 18,000, டாக்டர்கள் தியேட்டர் வகையறா 84,000, மருந்து பரிசோதனை 38,000. அறையில் 6,000மும் 84,000த்தில் 28,000மும் வெட்டு. கையுறை, பஞ்சு என்று 6,000 கணக்கில் வராது. மீதி 1,58,000த்தில் 20 சதவீதம் 31,600 எங்கள் பங்கு. ஆக நாங்கள் கட்டியது 71,600. 3,000 ரூபாய் அறையிலேயே இருந்திருந்தால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், 43,200தான் வந்திருக்கும். ஒரு சோபாவுக்கும் ஜன்னலுக்கும் 28,400 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

6. கோப்பு

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி, இவற்றை இந்த வரிசையில் போடுங்கள்:

- நோயாளியின் ஆதார், பாலிசி அட்டை, பணியாளரின் அடையாள அட்டை, பான் கார்டு. நகல் ஐந்தைந்து.
- முதல் டாக்டர் சீட்டிலிருந்து கடைசி வரை, தேதி வாரியாக.
- நின்றபடி எடுத்த எக்ஸ்ரே, படமும் ரிப்போர்ட்டும்.
- ஆபரேஷன் பரிந்துரைக் கடிதம், எஸ்டிமேட்.
- சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு.

திட்டமிட்ட ஆபரேஷன் என்பதால் கேஷ்லெஸ் (பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராக மருத்துவமனைக்குக் கட்டும் முறை) விண்ணப்பத்தை அட்மிஷனுக்கு 48 மணி நேரம் முன்பாவது போடச் சொல்லுங்கள். அந்தப் படிவத்தில் "எவ்வளவு காலமாக வலி" என்று ஒரு கட்டம் உண்டு. அம்மா பேச்சுவாக்கில் "அது கெடக்கு பத்து வருசமா" என்றார், டியூட்டி டாக்டர் அதை அப்படியே எழுதிவிட்டார். இன்சூரன்ஸிலிருந்து பழைய நோய் பற்றி விளக்கம் கேட்டார்கள். முதல் சீட்டின் தேதியைக் காட்டிக் கடிதம் வாங்கிக் கொடுத்து முடிக்கப் பன்னிரண்டு நாள். பொய் சொல்லச் சொல்லவில்லை. உத்தேசமாகச் சொல்லாமல் சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

7. அட்மிஷனுக்கு முன் ஒரு மாதம்

முதலில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. எச்.பி.ஏ.1சி என்று எழுதுவார்கள். அம்மாவுக்கு 9.1 இருந்தது. எங்கள் சர்ஜன் 7.5க்குக் கீழ் வந்தால்தான் தொடுவேன் என்றார். ஊசி போட்டதால் காத்திருந்த மூன்று மாதத்திலேயே இதைப் பார்த்திருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை. பல்லில் சீழ், சிறுநீரில் கிருமி, காலில் ஆறாத புண் எதுவும் இருக்கக் கூடாது. அங்கிருந்து கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டுக்குப் போகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் எப்போது நிறுத்துவது என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

வீட்டில்: மேல்நாட்டுக் கழிப்பறை இல்லையென்றால் கமோடு நாற்காலி (எங்களுக்கு 2,600 ரூபாய்), வாக்கர் (950), கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி, வழுக்கும் மிதியடிகளை எடுத்துவிடுவது. மாடியில் அறை என்றால் ஆறு வாரத்துக்குக் கீழே கட்டில் போடுங்கள்.

8. ஆஸ்பத்திரி நாட்கள்

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். மறுநாள் காலையே வாக்கரைக் கொடுத்து நடக்க வைத்தார்கள். உறவினர்கள் பதறுவார்கள், பதற வேண்டாம். பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருப்பதற்காக.

டிஸ்சார்ஜ் அன்று மூட்டுப் பெட்டியின் ஸ்டிக்கர்களைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி, அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். இன்சூரன்ஸுக்கு ஒன்று போகும், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். பல ஆண்டு கழித்து எந்த டாக்டர் அந்தக் காலைத் தொட்டாலும் முதலில் கேட்பது இதைத்தான். கேஷ்லெஸில் கடைசி ஒப்புதலுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மூன்று மணி நேரம்தான் விதிப்படி. பில்லை மருத்துவமனை அனுப்பிய நேரத்தைக் கவுன்டரில் கேட்டுக் குறித்துக்கொண்டால் யாரிடம் தாமதம் என்று தெரியும்.

9. முதல் ஆறு வாரம்: தலையணைதான் எதிரி

வீட்டுக்கு வந்த முதல் நாள் சித்தி அன்பாக ஒரு தலையணையை முழங்காலுக்கு அடியில் வைத்தார். அம்மாவுக்குச் சுகமாக இருந்தது. நான்கு நாள் கழித்து வந்த பிசியோ அதை உருவிக் கட்டிலின் அந்தப் பக்கம் போட்டார். "மடக்கம் ரெண்டு மாசம் கழிச்சும் வரும்மா. நீட்டம் இப்ப விட்டா வராது" என்றார். இரண்டாம் படியில் சொன்ன பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் முழுசாக நீளாவிட்டால் நிற்கும்போதெல்லாம் தொடைத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கால் குட்டையானது போல் நொண்டும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்காலுக்கு அடியில் வேண்டாம்.

பிசியோ ஒரு வருகைக்கு 500 ரூபாய், எங்களுக்குப் பதினெட்டு வருகை. கோணமானியால் அளந்து சொல்வதை நோட்டில் எழுதுங்கள். அம்மாவின் நோட்டு இப்படி: 5ஆம் நாள் மடக்கம் 65, நீட்டத்தில் 8 டிகிரி குறை. 14ஆம் நாள் 88, குறை 4. அன்றுதான் தையல் பிரித்தார்கள். 42ஆம் நாள் 108, குறை இல்லை. இரண்டு வாரத்தில் 90ஐ ஒட்டி வராவிட்டால் சர்ஜனுக்குப் போன் செய்யுங்கள். இறுகிப்போன மூட்டை மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் முறை உண்டு. அதையும் முதல் சில வாரங்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கட்டிலில் திரும்பும்போதும் நின்று திரும்பும்போதும் ஊன்றிய காலைத் திருகாமல், சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பச் சொல்லுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், புண்ணில் நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

10. இடது முழங்கால்

இதுவும் வரும். வலது காலின் வலி போன பிறகுதான் இடது கால் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிந்தது. அடுத்த பாலிசி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அப்போது 3 லட்சம் புதிதாகக் கிடைக்கும். அதனால் தேதியை மே மாதம் கேட்டிருக்கிறோம். சர்க்கரை டெஸ்ட்டுக்குப் பிப்ரவரியிலேயே போகிறோம். இந்த முறை 3,000 ரூபாய் அறைதான். ஜன்னல் இருக்காது என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.